நீலகிரியில் பள்ளிப் பிள்ளையின் காலை உணவு: புதிதாகக் குடிவந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கோயம்புத்தூரிலோ மதுரையிலோ இருந்தவரை காலையில் இரண்டு இட்லியைத் தகராறின்றித் தின்றுவிட்டுப் பள்ளிக்குப் போன பிள்ளை, பெற்றோரின் பணிமாற்றத்தால் உதகைக்கோ குன்னூருக்கோ வந்த சில வாரங்களில் தட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வது, இங்கே குடிவரும் பல வீடுகளில் நடப்பதுதான். பிடிவாதம் கூடிவிட்டது, ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை, யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். உண்மையான காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாகவே இருக்கும்: பிள்ளையின் உடம்பு இன்னும் முழுதாக விழிக்கவில்லை, அல்லது தட்டில் வைத்தது வாய்க்குப் போகும் முன்பே ஆறிப்போகிறது, அல்லது வளைந்து வளைந்து செல்லும் பள்ளி வண்டியை நினைத்தே வயிறு புரட்டுகிறது. இம்மூன்றையும் சரிசெய்த பிறகுதான் என்ன பலகாரம், எத்தனை என்ற பேச்சுக்கே வர வேண்டும் என்பது என் கருத்து. மூன்று முதல் எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளை மனத்தில் வைத்தே இவ்வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது.

உயரத்தின் மேல் பழியைப் போட வேண்டாம். உதகை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலும் குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்திலும் உள்ளன. உயரத்தால் வரும் மலைநோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் கவலைக்குரியது. உயரம் இங்கே தொல்லை தருவது பிள்ளையின் வயிற்றுக்கு அன்று, உங்கள் அடுப்புக்கும் இட்லி மாவுக்கும்தான்.

முந்தைய மாலையிலேயே தொடங்குங்கள்

காலை உணவுக்கான நேரத்தைக் காலையில் தேடினால் கிடைக்காது. வண்டி வரும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். எட்டு மணிக்கு வண்டி என்றால், ஏழேகாலுக்குச் சாப்பிட்டு முடித்திருக்க வேண்டும். அதற்கு ஆறே முக்கால், ஆறு ஐம்பதுக்குள் தட்டின் முன் உட்கார வேண்டும். எழுந்தவுடன் எந்தப் பிள்ளைக்கும் பசிக்காது என்பதால், அதற்கு அரை மணி நேரம் முன்பாவது, அதாவது ஆறே காலுக்கு எழுப்ப வேண்டும். மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்குப் பத்து முதல் பதின்மூன்று மணி நேரமும், ஆறு வயதுக்கு மேல் ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேரமும் தூக்கம் தேவை. ஆகவே யு.கே.ஜி. படிக்கும் பிள்ளை எட்டு மணிக்கே படுக்கையில் இருக்க வேண்டும் என்று வருகிறது. ஒன்பதரை வரை தொலைக்காட்சி பார்த்துவிட்டு இரவுச் சோறு உண்ணும் வீட்டில், காலையில் எத்தனை விதமாகச் சமைத்தாலும் தட்டு அப்படியே இருக்கும். இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்கு நகர்த்துவது காலை உணவுக்கான முதல் ஏற்பாடு.

காலைக் குளியலை விட்டுவிடுங்கள். சமவெளியிலிருந்து வருபவர்களுக்கு இது மனம் ஒப்பாத செயலாக இருக்கலாம். வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிக்கவும் கூடும். ஆனால் டிசம்பர், ஜனவரியில் புல்மீது உறைபனி படிந்திருக்கும் ஊரில் ஆறரை மணிக்குப் பிள்ளையைக் குளிப்பாட்டுவதால் அழுகையும் கால்மணி நேர இழப்பும்தான் மிச்சம். பள்ளி விட்டு வந்ததும், வெயிலிருக்கும்போதே, வெந்நீரில் குளிப்பாட்டிவிட்டால் காலையில் முகமும் கைகாலும் வெதுவெதுப்பான நீரில் கழுவினால் போதும்.

அடுத்தது சீருடை. ஜூன் முதல் செப்டம்பர் வரை கூடலூர், உதகைப் பக்கமும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை குன்னூர், கோத்தகிரிப் பக்கமும் நாள் கணக்கில் வெயில் வராமல் போவதுண்டு. ஈரம் போகாத காலுறையை இஸ்திரிப் பெட்டியால் காய வைத்துக்கொண்டிருக்கும் அந்தப் பத்து நிமிடம் பிள்ளையின் சாப்பாட்டு நேரத்திலிருந்துதான் போகிறது. ஆகவே மூன்று செட் சீருடையும் ஐந்தாறு இணைக் காலுறைகளும் வைத்துக்கொண்டு, மறுநாளுக்கானதை இரவே எடுத்து வைத்துவிடுங்கள். பள்ளிப்பை, குடை, மழைக்கோட்டு ஆகியவையும் அப்படியே.

எழுப்புவதும் சூடேற்றுவதும்

ஜனவரியில் இங்கே சூரியன் உதிக்கவே ஆறரை மணி தாண்டிவிடும். பள்ளத்தாக்குப் பக்கம் உள்ள வீடாக இருந்தால் வெயில் வாசலுக்கு வர இன்னும் நேரமாகும். இருட்டில் கம்பளியை உருவி எழுப்பினால் பிள்ளை குளிரில் சுருண்டுகொள்ளும். விளக்கைப் போட்டு, ஸ்வெட்டரையும் காலுறையையும் கம்பளிக்குள்ளேயே வைத்துச் சற்றுச் சூடேறியபின் உள்ளேயே போட்டுவிட்டுப் பிறகு எழுப்புங்கள். எழுந்ததும் சில வாய் வெந்நீர் கொடுங்கள். குளிரில் தாகம் தெரிவதில்லை. தண்ணீர் குடிக்காத பிள்ளைக்கு மலம் இறுகும். மலம் இறுகிய வயிற்றுக்குப் பசி வராது. வெந்நீருக்குப் பிறகு கழிவறையில் ஐந்து நிமிடம் அமர வைக்கும் பழக்கம் வந்துவிட்டால், சாப்பாட்டுச் சண்டையில் பாதி தானே குறைந்துவிடும்.

அறையைச் சூடாக்க மின்சார ஹீட்டரைப் பயன்படுத்தலாம். மூடிய அறைக்குள் கரி அடுப்பையோ தணலையோ மட்டும் ஒருபோதும் வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. உறங்குபவர்களை எழுப்பாமலேயே கொன்றுவிடும். குளியலறையில் கேஸ் கீசர் இருந்தால் ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் எரிக்க வேண்டும்.

மாவு, குக்கர், தட்டு

புதிதாக வந்தவர்கள் அதிகம் இடறுவது இட்லி மாவில்தான். சமவெளியில் மாலையில் ஆட்டி வைத்தால் விடியும்போது பொங்கியிருக்கும் மாவு, இங்கே வைத்தது வைத்தபடி கிடக்கும். அதில் ஊற்றிய இட்லி கல்லாக வரும், பிள்ளை துப்பும், பழி பிள்ளைமேல் விழும். மாவு நன்றாகப் புளிக்க 25 முதல் 30 டிகிரி வரை வெப்பம் வேண்டும், உதகையின் சமையலறையில் இரவில் அதில் பாதிகூட இருக்காது. ஆகவே ஆட்டும் நேரத்தையே மாற்றுங்கள்: இன்று காலையில் ஆட்டினால் நாளைக் காலைக்கு ஆகும். உளுந்தையும் அரிசியையும் வெதுவெதுப்பான நீரில் ஊற வைத்து, ஒரு கரண்டி வெந்தயமும் ஒரு கைப்பிடி அவலோ பழைய சோறோ சேர்த்து, ஆட்டும்போதும் வெதுவெதுப்பான நீரையே ஊற்றி, கையால் நன்றாகக் கரைத்து வையுங்கள். பாத்திரத்தைக் கம்பளித் துணியால் சுற்றிப் பெரிய ஹாட்பேக்கிற்குள் வைப்பதும், வெந்நீர் நிரம்பிய அண்டாவின் நடுவே நிறுத்தி மூடி, நீர் ஆறும்போது மாற்றி ஊற்றுவதும் இங்குள்ள வீடுகளில் செய்யும் வழிகள். மாவையோ பலகாரத்தையோ திறந்த ஜன்னலோரம் மட்டும் வைக்காதீர்கள். குரங்குக்கு மலையேறி வந்தவர், பிறந்து வளர்ந்தவர் என்ற வேறுபாடு கிடையாது. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் எண்ணெய்க்கும் வெல்லத்துக்கும் கரடியே வீட்டுக்குள் வருவதுண்டு.

குளிர்காலத்தில் மாவோடு மல்லுக்கட்ட விருப்பமில்லை என்றால், புளிக்க வேண்டாத பலகாரங்களுக்கு மாறிவிடுவதே அறிவுடைமை. அடை, கோதுமை தோசை, ராகி தோசை, ரவை தோசை, புட்டு, இடியாப்பம், பொங்கல், கிச்சடி என்று ஒரு வாரத்துக்குக் குறைவில்லாமல் வரும்.

இரண்டாவது, வேகும் நேரம். உதகையில் தண்ணீர் ஏறத்தாழ 92 அல்லது 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகாது. முட்டை முழுதாக வேகக் கீழே ஆவதைவிட இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாகும். குக்கரிலும் ஓரிரு விசில் கூட்டித்தான் வைக்க வேண்டும். கடும் குளிரில், அதுவும் தீரப்போகும் நிலையிலுள்ள சிலிண்டரிலிருந்து, வாயு மெதுவாகவே வரும், தீ சிறுத்து எரியும்; அதற்காகச் சிலிண்டரை அடுப்பருகே நகர்த்திச் சூடேற்ற முயலக் கூடாது. பருப்பையும் உருளைக்கிழங்கையும் இரவே வேக வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பான வழி.

மூன்றாவதாகத் தட்டு. யாரும் கவனிக்காதது இதுதான், ஆனால் பலன் உடனே தெரிவதும் இதில்தான். பத்து டிகிரிக் குளிரில் கிடந்த எவர்சில்வர் தட்டில் சுடச்சுட வைத்த தோசை ஓரிரு நிமிடங்களில் ஆறி விறைத்துவிடும். நெய் வெள்ளையாக உறையும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடுவதால் அதில் தாளித்த சட்னி திட்டுத் திட்டாக வாயில் ஒட்டும். பெரியவர்களே வேண்டா வெறுப்பாக விழுங்கும் பண்டத்தைப் பிள்ளை எப்படித் தின்னும்? தட்டை வெந்நீரில் முக்கித் துடைத்துவிட்டுப் பரிமாறுங்கள், அல்லது பீங்கான் தட்டையோ மரக் கிண்ணத்தையோ பயன்படுத்துங்கள். இரண்டு தோசையை ஒன்றாக வைக்காமல் பாதி பாதியாகக் கல்லிலிருந்து நேரே வையுங்கள். தாளிப்பை நல்லெண்ணெயில் செய்யுங்கள். சட்னிக்குப் பதிலாகச் சூடான சாம்பாரோ பருப்புக் கடைசலோ குளிர்காலத்துக்கு ஏற்றது. இடம் இருந்தால் பிள்ளையை அடுப்படிக்கு அருகிலேயே, நெருப்புக்கு எட்டாத தூரத்தில், சிறு முக்காலி போட்டு உட்கார வையுங்கள். அந்நேரத்தில் வீட்டிலேயே வெதுவெதுப்பான இடம் அதுதான்.

என்ன கொடுக்கலாம்

உள்ளூர்க்காரர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்வது நல்லது. படுகர் வீடுகளில் ராகியும் சாமையும் அவரையும் நெடுங்காலமாக அன்றாட உணவு. 100 கிராம் ராகியில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் உள்ளது. களியைப் புதிதாக வந்த பிள்ளை முதல் நாளே ஏற்றுக்கொள்ளாது என்றாலும், வெல்லமும் பாலும் சேர்த்த ராகிக் கஞ்சி, தேங்காய்த் துருவல் போட்ட ராகிப் புட்டு, வெங்காயம் வதக்கிப் போட்ட ராகி அடை ஆகியவற்றில் ஏதாவது ஒன்று பிடித்துவிடும். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் குடியேறியவர்களுக்குப் புட்டும் அவித்த நேந்திரம்பழமும் கடலைக் கறியும் எளிதில் வாய்க்கும். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களின் வீடுகளில் தேங்காய்த் துருவலைக் கோதுமை மாவில் பிசைந்து சுடும் ரொட்டி கிடைக்கும். ஆறினாலும் மென்மையாக இருப்பதால் அவசரக் காலைக்கு அதைப் போல் ஒத்துழைக்கும் பலகாரம் குறைவு. அக்கம்பக்கத்தில் ஓர் அக்காவிடம் கேட்டால் பக்குவம் சொல்லித் தருவார்.

இந்த மலையில் கேரட், பீட்ரூட், பட்டாணி, பீன்ஸ், உருளைக்கிழங்கு ஆகியவை தோட்டத்திலிருந்து அன்றே வருபவை. கேரட்டைத் துருவித் தோசை மேல் தூவுவது, பட்டாணியைக் கிச்சடியில் சேர்ப்பது, உருளைக்கிழங்கை மசித்துச் சப்பாத்திக்குள் வைப்பது ஆகிய மூன்றும் பெரும்பாலும் தப்பாமல் செல்லுபடியாகும். மாவுப் பண்டம் மட்டும் போதாது. ஒரு முட்டையோ ஒரு கரண்டிப் பருப்போ சுண்டலோ கூடவே இருந்தால்தான் பதினோரு மணி வரை பசி தாங்கும். நிலக்கடலை நல்லதுதான், ஆனால் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு முழுக் கடலையாகத் தராமல் பொடித்தே தர வேண்டும், தொண்டையில் சிக்கும்.

இனி டீயும் வர்க்கியும். தேயிலை விளையும் ஊரில், விடிந்ததும் டீயில் வர்க்கியை நனைத்துப் பிள்ளை கையில் கொடுத்துவிடும் பழக்கம் புதிதாக வந்த வீட்டையும் விரைவில் தொற்றிக்கொள்ளும். ஊட்டி வர்க்கி புவிசார் குறியீடு பெற்ற பண்டம், அதன் சுவையில் எனக்கும் குறையொன்றுமில்லை. ஆயினும் அது மைதாவும் கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்தது. மாலை நான்கு மணிக்கு உரியதேயன்றிக் காலைக்கு உரியதன்று. டீயிலுள்ள டானின் உணவிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு ஏற்கவிடாமல் தடுக்கிறது. உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ, காபி வேண்டாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2024ஆம் ஆண்டு உணவு வழிகாட்டுதல்கள் பெரியவர்களுக்கே அறிவுறுத்துகின்றன. சிறு பிள்ளைக்கு டீயே தேவையில்லை. எழுந்தவுடன் பெரிய தம்ளரில் பாலும் மால்ட் பொடியும் கலந்து கொடுப்பதும் இதே கதைதான்: சிறு வயிறு அதிலேயே நிரம்பிவிட, தட்டு மீதியாகும். பாலை உணவுக்குப் பின், சிறு தம்ளரில் கொடுங்கள்.

தட்டின் முன் உட்கார்ந்தபின்

என்ன சமைப்பது, எப்போது சாப்பிடுவது, எங்கே உட்காருவது ஆகியவை பெரியவர்கள் முடிவு செய்ய வேண்டியவை. எவ்வளவு சாப்பிடுவது என்பது பிள்ளையின் முடிவு. இந்தப் பங்கீட்டை ஏற்பது பல தாய்மார்களுக்குக் கடினம், பாட்டிமாருக்கு இன்னும் கடினம். ஆனாலும் “இன்னும் ஒரு வாய், அம்மாவுக்காக ஒரு வாய்” என்று திணிக்கும் வீடுகளில்தான் பிள்ளை தட்டைக் கண்டாலே வாயை இறுக்கிக்கொள்ளக் கற்றுக்கொள்கிறது. “என்னடா வேணும் உனக்கு?” என்று திறந்து கேட்டால் வீட்டில் இல்லாததைத்தான் சொல்வான். “கண்ணு, தோசை மேல முட்டை ஊத்தட்டுமா, கேரட் போடட்டுமா?” என்று இரண்டில் ஒன்றைக் கேளுங்கள், இரண்டுமே உங்களுக்குச் சம்மதமானவையாக இருக்கட்டும்.

பிள்ளை வழக்கமாகச் சாப்பிடுவதைவிடச் சற்றுக் குறைவாகவே முதலில் வையுங்கள். நான்கு வயதுப் பிள்ளைக்கு ஒரு சிறு தோசையும் இரண்டு கரண்டிப் பருப்பும் போதுமான தொடக்கம், கேட்டால் வைத்துக்கொள்ளலாம். புதிய பண்டத்தை முதல் முறை ஒதுக்கினால் அது பிடிக்கவில்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பத்துப் பதினைந்து முறை கண்ணில் பட்டு, நுனிவிரலால் தொட்டு, பெரியவர்கள் தின்பதைப் பார்த்த பிறகே பல பிள்ளைகள் ஒரு புதுச் சுவையை ஏற்கின்றன. ஆகவே தெரிந்த பண்டத்தோடு தெரியாததைச் சிறிதளவு வைத்து, அதைப் பற்றி ஒன்றும் பேசாமல் விட்டுவிடுங்கள். வீட்டில் ஒருவராவது உடன் அமர்ந்து உண்ணுங்கள். கைபேசியைக் காட்டி ஊட்டினால் வாய் திறக்கும் என்பது உண்மைதான். ஆனால் பசி அடங்கியது பிள்ளைக்கும் தெரியாது, கைபேசி இல்லாத நாளில் வாயும் திறக்காது. கீழ்நாட்டிலிருந்து வந்த பாட்டி, காக்கை காட்டும் பழக்கத்தில் இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார். இங்கே வாசலில் குளிர் இருக்கும், உணவு இரண்டே வாயில் ஆறிவிடும், சில காலைகளில் காட்டெருமையும் நிற்கும். ஆகவே அவரிடம் பக்குவமாகச் சொல்லி உள்ளேயே உட்கார வையுங்கள்.

இருபது, இருபத்தைந்து நிமிடம் ஆனதும், எவ்வளவு தின்றிருந்தாலும், திட்டாமலும் கெஞ்சாமலும் தட்டை எடுத்துவிடுங்கள். குறைவாகச் சாப்பிட்ட நாளில் இடைவேளை டப்பாவில் வாழைப்பழமும் அவித்த முட்டையும் போல வயிறு நிறைக்கும் எதையாவது வைத்தனுப்பினால் போதும்; அதைத் தண்டனையாகவோ பரிசாகவோ பேச வேண்டாம். பிஸ்கட்டையும் சிப்ஸையும் வைத்தால், வீட்டுத் தட்டைத் தள்ளுவதற்குப் பிள்ளைக்கு நல்ல காரணம் கிடைத்துவிடும்.

வளைவுச் சாலையில் பயணம் செய்யும் பிள்ளைக்கு

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு வரும் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. கல்லட்டிச் சாலையில் 36. ஊருக்குள் ஓடும் பள்ளி வண்டியும் நேரான பாதையில் நூறு மீட்டர் போவது அரிது. பயணக் குமட்டல் இரண்டு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கே மிகுதி. ஒருமுறை வண்டியில் வாந்தி எடுத்து மற்றப் பிள்ளைகள் சிரித்துவிட்டால், மறுநாள் முதல் காலை உணவே வேண்டாம் என்று பிள்ளை தீர்மானித்துவிடும், வாய்விட்டுச் சொல்லாது. காலையில் மறுக்கும் பிள்ளை விடுமுறை நாளில் நன்றாகச் சாப்பிடுகிறதென்றால் இதையே முதலில் சந்தேகியுங்கள்.

வெறும் வயிற்றோடு அனுப்புவது இதற்கு மருந்தன்று. வெறும் வயிறும் குமட்டும். வண்டிக்கு முக்கால் மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிட வேண்டும். பயண நாட்களில் பூரி, வடை, நெய் மிதக்கும் பொங்கல், பெரிய தம்ளர்ப் பால் ஆகியவற்றைத் தவிர்த்து, இட்லி, இடியாப்பம், ரொட்டி, வாழைப்பழம் போன்றவற்றைச் சிறிதளவே கொடுங்கள். மீதியைப் பள்ளி சேர்ந்தபின் உண்ணும்படி டப்பாவில் வைத்துவிடலாம். ஓட்டுநர் அண்ணனிடம் சொல்லி முன்பக்க இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். ஜன்னல் சற்றுத் திறந்திருக்கட்டும். புத்தகத்தையோ கைபேசியையோ பார்க்காமல் தொலைவிலுள்ள மலையைப் பார்த்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். இத்தனைக்குப் பிறகும் நிற்காவிட்டால் மருத்துவரைக் கேட்டே மருந்து கொடுக்க வேண்டும். கடையில் பெரியவர்களுக்கு விற்கும் மாத்திரையைப் பாதியாக உடைத்துத் தரக் கூடாது.

அரசுப் பள்ளியில் சேர்த்திருந்தால்

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கப்பட்டு, 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுவதுமுள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. 2024 ஜூலை 15 முதல் ஊரகப் பகுதி அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளும் இதில் சேர்ந்தன. ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு வகுப்பு தொடங்கும் முன் உப்புமா, கிச்சடி, பொங்கல் போன்றவை சாம்பாரோடு சூடாகக் கிடைக்கும். தேயிலை பறிக்கவோ தொழிற்சாலைக்கோ விடியலில் புறப்படும் பெற்றோருக்கு இது பெரிய உதவி. இத்தகைய பள்ளியில் படிக்கும் பிள்ளையை வீட்டிலும் ஒருமுறை முழுதாக உண்ணச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். புறப்படும்போது அரைத் தம்ளர் ராகிக் கஞ்சியோ ஒரு வாழைப்பழமோ போதும். தோழர்களோடு வரிசையில் அமர்ந்தால், வீட்டில் தொடாத உப்புமாவைப் பிள்ளை தானே தின்பதும் உண்டு.

எப்போது மருத்துவரிடம் காட்ட வேண்டும்

மேற்சொன்னவற்றை மூன்று நான்கு வாரம் விடாமல் செய்தும் மாற்றமில்லை என்றாலும், எடை குறைந்தாலும் கூடாமலே நின்றாலும் குழந்தைகள் மருத்துவரிடம் காட்டுங்கள். முகமும் நகக்கண்ணும் வெளுத்திருப்பது, மண்ணையோ சுண்ணாம்பையோ தின்பது, சிறிது ஓடினாலே களைப்பது ஆகியவை இரத்தச்சோகையின் அறிகுறிகளாக இருக்கலாம். காலையில் தலைவலியோடு வாந்தி எடுப்பது தொடர்ந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். நாள்தோறும் வயிற்றுவலி என்றால் மலச்சிக்கலையும் குடற்புழுவையும் விசாரிப்பார்கள். குடற்புழு நீக்கத்துக்கான அல்பெண்டசோல் மாத்திரை பிப்ரவரி, ஆகஸ்ட் மாதங்களில் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் விலையின்றிக் கொடுக்கப்படுகிறது. ஊர் மாறிய நேரத்தில் உங்கள் பிள்ளைக்கு அது விடுபட்டிருந்தால், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியரிடம் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.